ஒரு சாலையைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

தார் சாலை, கான்கிரீட் சாலை, பிளாஸ்டிக் கலந்த சாலை ஆகிய மூன்றில் சுற்றுச்சூழலுக்கு உகந்தது எது என்றும், ‘பசுமைச் சாலை’ என்று பெயர் சூட்டி விளம்பரப்படுத்துவதை எந்த அளவுக்கு நம்பலாம் என்றும், புதிதாக ஒரு சாலை போடுகிறவர்களிடம் ஒரு சாதாரணக் குடிமகன் என்ன கேட்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றில் ஒன்றைச் சுட்டிக்காட்டிவிட்டால் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அது பிழையான பதிலாக இருக்கும். நீங்கள் உண்மையில் கேட்பது, ஒரு சாலையால் நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் நேரும் இழப்பை எதை வைத்து அளப்பது என்பதுதான். சாலைப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்திலும் பிறகு களத்திலுமாக 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேலே தெரியும் கறுப்பையோ வெள்ளையையோ வைத்து அதை அளக்க முடியாது. ஒரே கல், ஒரே தார், ஒரே இயந்திரம் கொண்டு போட்ட இரண்டு சாலைகளில் ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு பொருளை விழுங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேறுபாடு போட்ட விதத்தில் இருந்தது.

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 7 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலை ஒன்றில், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, 4 சென்டிமீட்டர் கனத்தில் தார்க்கலவை மேல்தளம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு 280 கனமீட்டர். எடை ஏறக்குறைய 650 டன். இதில் தார், அதாவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பின் அடியில் தங்கும் பிட்டுமன், நூற்றுக்கு ஐந்து பங்குதான். சுமார் 33 டன். மீதியெல்லாம் ஜல்லியும் கல்தூளும். அவ்வளவு கல்லையும் குவாரியில் வெடி வைத்துப் பிளந்து, கிரஷரில் உடைத்து, லாரியில் ஏற்றி, கலவை ஆலையில் சூடாக்கி, மறுபடி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து பரப்ப வேண்டும். இந்தத் தளம் 6 ஆண்டில் பெயர்ந்துபோனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 டன் செலவு; 12 ஆண்டு நின்றால் 55 டன்னுக்கும் குறைவு. எந்தப் புதுச் சேர்மானமும் ஒரே வீச்சில் பாதியைக் குறைத்து நான் பார்த்ததில்லை. ஆயுள் இரட்டித்தால் பாதி குறைந்துவிடுகிறது. உலகம் ஆண்டுதோறும் பயன்படுத்தும் மணல், சரளை, உடைகல் எல்லாம் சேர்ந்து சுமார் 5,000 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. தண்ணீருக்கு அடுத்தபடி மனிதர் மிகுதியாக எடுத்துப் பயன்படுத்தும் பொருள் இதுதான். ஆகவே ஒரு சாலையைப் பற்றி யார் எந்த எண்ணைச் சொன்னாலும், அதை அவர்கள் ஆண்டுகளால் வகுத்தார்களா என்று முதலில் பாருங்கள். விளம்பரத் தாள்களில் பெரும்பாலும் வகுத்திருக்க மாட்டார்கள்.

ஆயுளைத் தின்பதில் முதலிடம் தண்ணீருக்கு. இதில் ஐயத்துக்கே இடமில்லை. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லவுடன் மக்காடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை அடித்துச் சொல்லிவிட்டார்: வண்டியின் பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள இயற்கை மண்தான்; அது உலர்ந்திருக்கும்வரை எவ்வளவு எடையையும் சுமக்கும்; கல் பரப்புவது அந்த மண்ணை நனையாமல் காக்கும் கூரையாகத்தான். இருநூறு ஆண்டுகள் கழித்தும் சாலைகள் இதே காரணத்தால்தான் கெடுகின்றன. ஒருமுறை, போட்டு மூன்றாண்டுகூட ஆகாத ஒரு சாலையில் ஆங்காங்கே தளம் உப்பித் தூக்கியிருந்தது. துளையிட்டுக் கோர் எடுத்தோம். கையளவு உருளையாக ஒரே துண்டாய் வர வேண்டியது, பிஸ்கட்டைப் போல இரண்டாகப் பிரிந்து வந்தது. மேல்தளத்துக்கும் அதற்கு அடுத்த தளத்துக்கும் இடையே அடிக்க வேண்டிய ஒட்டுத்தாரை, அதாவது டாக் கோட்டை, யாரோ மிச்சம் பிடித்திருந்தார்கள். அந்த இடைவெளியில் ஈரம் பளபளத்தது. அடித்துண்டைத் திருப்பிப் பார்த்தால், கற்கள் குவாரியிலிருந்து அன்றுதான் வந்தவை போலத் தார் உரிந்து வெளுத்திருந்தன. கல்லின் மேற்பரப்புக்குத் தாரைவிடத் தண்ணீரின் மேல் பிடிப்பு அதிகம். உள்ளே புகுந்த நீர் மெதுவாகத் தாரைத் தள்ளிவிட்டுத் தான் ஒட்டிக்கொள்கிறது. மேலே போகும் ஒவ்வொரு சக்கரமும் அந்த நீரை அழுத்தி உறிஞ்சி ஒரு பம்பைப் போல வேலை செய்கிறது. சாலையின் நடுவை உயர்த்தி இருபுறமும் சரிவு கொடுப்பதும், ஓரத்து வடிகாலைத் தூர்வாரி வைப்பதும், விரிசலை மழைக்கு முன்பே தாரூற்றி அடைப்பதும் யாரும் படம்பிடித்துப் போடாத வேலைகள். சுற்றுச்சூழலுக்கு இவற்றைவிட மலிவான உதவி சாலைத் துறையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது இறுக்கம். பரப்பிய கலவையை ரோலர் நன்றாக அழுத்தாவிட்டால் உள்ளே காற்றறைகள் மிகுதியாகத் தங்கிவிடும். அவற்றின் வழியே நீரும் ஆக்சிஜனும் நுழையும், தார் சீக்கிரம் முதிர்ந்து நொறுங்கும். 1989இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, காற்றறை 7 சதவீதத்தைத் தாண்டிய பின் கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் தளத்தின் ஆயுள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவதாகக் கணக்கிட்டது. அந்த எண் எல்லாக் கலவைக்கும் எல்லாத் தட்பவெப்பத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்; ஆனால் அதன் திசை சரியானது என்பதை ஒவ்வொரு களத்திலும் பார்க்கலாம். கலவை ஏறக்குறைய 80 டிகிரிக்குக் கீழே ஆறிவிட்டால் எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் அது இறுகாது. 4 சென்டிமீட்டர் கனமுள்ள மெல்லிய தளத்தில், காற்று வீசும் மாலையில், அதற்குக் கால் மணி நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். நாளின் கடைசி டிப்பர் தாமதமாக வரும், ஆட்கள் களைத்திருப்பார்கள், ரோலர் ஓட்டுநர் இரண்டு ஓட்டோடு நிறுத்திவிடுவார். இரண்டு மழைக்காலம் கழித்துக் குழி விழும் இடம் பெரும்பாலும் அந்தக் கடைசி டிப்பர் கொட்டிய இடமாகத்தான் இருக்கும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆட்டவா என்ற ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை, பலவகைத் தளங்களைப் போட்டு அவற்றின் மேல் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ‘நான்காம் அடுக்கு விதி’ அதிலிருந்து வந்தது: சாலைக்கு நேரும் சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. அரை டன் அச்சு எடையுள்ள காரோடு ஒப்பிட்டால் 8 டன் அச்சு எடை 16 மடங்கு. சேதமோ 16இன் நான்காம் அடுக்கு, அதாவது 65,000 மடங்குக்கும் மேல். அடுக்கு எண் தளத்துக்குத் தளம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே, சில வேளை அதற்கு அப்பாலும் ஊசலாடும் என்பதால் இதை இயற்கை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்றாலும் ஓர் அச்சில் 20 சதவீதம் கூடுதல் பாரம் ஏற்றினால் சேதம் சுமார் இரு மடங்காகும் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு. எடை மேடையில் நிற்கும் ஊழியர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால், அவரும் சுற்றுச்சூழல் காவலர்தான்.

இப்போது எல்லோரும் பேசும் ‘கரி’க் கணக்குக்கு, அதாவது கரியமில வாயு உமிழ்வுக் கணக்குக்கு வருகிறேன். வழக்கமான சூட்டுக் கலவையை ஏறக்குறைய 150 முதல் 170 டிகிரிவரை சூடாக்குகிறார்கள். 1990களின் நடுவில் ஐரோப்பாவில் தொடங்கிய வெதுவெதுப்புக் கலவை முறையில் மெழுகோ, சியோலைட் என்ற நீர் பொதிந்த கனிமமோ, வேறு வேதிப்பொருளோ, வெறும் நீர்த்துளியால் எழுப்பிய நுரையோ சேர்த்து, அந்த வெப்பத்தை 20 முதல் 40 டிகிரிவரை குறைக்கிறார்கள். எரிபொருள் மிச்சமாகிறது, தார் முதிர்வதும் குறைகிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்துக்குப் பின்னால் நிற்கிறவர்கள் மூச்சில் இழுக்கும் புகை குறைவதுதான். சாலை போடும்போது எழும் தார்ப் புகைக்கு ஆளாவதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

ஆனால் வெப்பத்தைக் குறைக்கும் மருந்துகளுக்குச் செலவழிப்பதற்கு முன் கல் குவியலைப் பார்க்கச் சொல்வேன். ஒரு டன் உலர்ந்த ஜல்லியை 30 டிகிரியிலிருந்து 160 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 110 மெகாஜூல் வெப்பம் போதும். அதே ஜல்லியில் 5 சதவீதம் ஈரம் இருந்தால், அந்த 50 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க மட்டும் சுமார் 128 மெகாஜூல் தேவை. கல்லைச் சுடவைப்பதைவிடத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அதிகம் எரிக்கிறோம்! ஈரத்தை 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தால், இழப்புகளைக் கணக்கில் சேர்க்காமலேயே, டன்னுக்கு இரண்டு லிட்டர் டீசலுக்கு இணையான வெப்பம் மிச்சம். இதற்கு வேண்டியது தகரக் கூரையும், குவியலுக்கு அடியில் நீர் வடியும்படி சரிவாகப் போட்ட தளமும்தான். குறிப்பாகக் கல்தூளுக்கு இது அவசியம். தூள்தான் பஞ்சைப் போல நீரைப் பிடித்துவைக்கும். புதிதாக ஒரு கலவை ஆலைக்குப் போகும்போது நான் முதலில் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைவதில்லை. தூள் குவியலில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்ப்பேன். உருண்டையாக நின்றால் அந்த ஆலையின் எரிபொருள் கணக்கை அப்புறம் பார்த்தால் போதும்.

பழைய சாலையை மறுபடி பயன்படுத்துவதில் கூச்சப்படத் தேவையில்லை என்பதும் உறுதியான விஷயம். மில்லிங் இயந்திரத்தால் சுரண்டி எடுத்த பழைய தார்த்தளத்தில் கல்லும் இருக்கிறது, தாரும் இருக்கிறது. பல நாடுகளில் அது குப்பைக்குப் போவதே அரிது. அமெரிக்காவில் புதுக் கலவையில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு பழையதாகவே இருக்கிறது. பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தளம் போட்டுக்கொண்டு போவதால் சாலை உயர்ந்து, ஓரத்து வீடுகள் பள்ளத்தில் இறங்கி, மழைநீர் வாசல் வழியே உள்ளே போகும் கொடுமையும் சுரண்டிப் போட்டால் இல்லை. சிக்கல் எங்கே என்றால், பழைய தார் வெயிலில் முதிர்ந்து விறைத்துப்போயிருக்கும். 15, 20 சதவீதம்வரை கலக்கும்போது பெரிதாகத் தெரியாது; அதற்கு மேல் போனால் மென்மையான புதுத் தாரோ, முதிர்ந்த தாரை இளக்கும் எண்ணெயோ சேர்க்க வேண்டும். பழைய தார் முழுவதும் உருகிப் புதியதோடு ஒன்றுகிறதா, அல்லது ஒரு பகுதி கறுப்புக் கல்லாகவே நின்றுவிடுகிறதா என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு. ஐம்பது சதவீதத்துக்கு மேல் பழையதைக் கலந்து நன்றாக நிற்கும் சாலைகள் உண்டு. அதே விகிதத்தைப் பிடிவாதமாகக் கலந்து, முதல் குளிர்காலத்திலேயே குறுக்கே விரிசல் விட்ட ஒரு சாலைக்கு நானே சோதனை அறிக்கை எழுதியிருக்கிறேன். அங்கே பழைய கலவையை அளவு பிரிக்காமல் ஒரே குவியலாகக் கொட்டிவைத்திருந்தார்கள்; ஒவ்வொரு லோடிலும் தாரின் அளவு வேறாக இருந்தது. மறுசுழற்சி என்பது முக்கால்வாசி, குவியலைப் பராமரிக்கும் வேலை. பாரம் மிகாத சாலைகளில், பழைய தளத்தை அங்கேயே பொடித்து, நுரைத்தாரோ கொஞ்சம் சிமென்டோ கலந்து, சூடாக்காமலேயே அடித்தளமாக இறுக்கிவிடும் முறை இதைவிடவும் சிக்கனமானது. சூடான தாரில் சிறிதளவு குளிர்நீரைச் செலுத்தினால் அது பத்து, பதினைந்து மடங்கு நுரைத்துப் பொங்கும். அந்தச் சில நொடிகளில் ஈரமான கற்பொடியோடும் கலந்துவிடும். மேலே மெல்லிய தார்த்தளம் ஒன்று போட்டால் போதும். லாரிகளின் நடை வெகுவாகக் குறைகிறது.

நீங்கள் தனியாகக் கேட்ட பிளாஸ்டிக் சாலைக்கு வருவோம். மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறையில், சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவைத் தூவுகிறார்கள். அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய உறையாகப் படிகிறது. அதன் பிறகு தார் சேர்க்கிறார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013இல் இதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அந்த உறை தண்ணீர் தாரை உரிப்பதைத் தடுக்கிறது என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெளிவாகத் தெரிகிறது. முன்பு சொன்ன உரிதல் நோய்க்கு அது மருந்துதான். ஆனால் இதைக் கழிவுப் பிரச்சினைக்குத் தீர்வு என்று சொல்லும்போது நான் தயங்குகிறேன். சேர்க்கும் பிளாஸ்டிக், தாரின் எடையில் 8 சதவீதம் என்று வைத்தாலும், நம் 650 டன் தளத்தில் அது இரண்டரை டன்னைச் சற்றே தாண்டும். மொத்த எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. கூடவே பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் ஒரு துண்டுகூட நுழையக் கூடாது. சூட்டில் அது நச்சுவாயுவை வெளியிடும். ஆகவே பிரித்தெடுக்கும் இடத்திலேயே கண்காணிப்பு வேண்டும். தளம் தேயும்போது நுண்பிளாஸ்டிக் எவ்வளவு வெளியேறும், இருபது ஆண்டு கழித்து அந்தத் தளத்தைச் சுரண்டி மறுபடி சூடாக்கினால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் நீண்டகாலக் கள அளவீடு போதுமானதாக இல்லை. டயர் தேய்மானத்திலிருந்து வரும் துகளும் நச்சும் சாலையோர நீரில் சேர்வது மட்டும் உறுதி. டயரில் சேர்க்கும் ஒரு காப்புப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் சேர்மம் கோஹோ என்ற சால்மன் வகை மீன்களைக் கொல்கிறது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். சாலை எதனால் போட்டிருந்தாலும் அது கழுவிவிடும் நீரை நேரே ஓடையில் விடாமல், புல் வளர்ந்த வாய்க்கால் வழியே வடிகட்டி விடுவது நல்லது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

கான்கிரீட் சாலையின் நிலை வேறு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதன் எடையில் நூற்றுக்கு 44 பங்கு கரியமில வாயுவாகப் பிரிந்து போய்விடும். அடுப்பை எதைக் கொண்டு எரித்தாலும் இது மாறாது. சிமென்ட் ஆலையின் உமிழ்வில் பெரும்பங்கு இப்படிக் கல்லிலிருந்தே வருவது. நம் ஒரு கிலோமீட்டர் சாலையில் 28 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் போட்டால், கனமீட்டருக்கு 360 கிலோ சிமென்ட் என்ற கணக்கில் 700 டன் சிமென்ட். சாதாரண சிமென்டாக இருந்தால் அதன் உமிழ்வு மட்டும் சுமார் 600 டன். அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கொண்டு மூன்றில் ஒரு பங்கு சிமென்டை ஈடுகட்டினால் உமிழ்வும் ஏறக்குறைய அந்த விகிதத்தில் குறையும், நாளடைவில் கான்கிரீட்டும் நீர்புகாத் தன்மை கூடி உறுதிப்படும். சாம்பலும் கசடும் எங்கும் எப்போதும் கிடைப்பவை அல்ல என்பதால், சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புத்தூளும் கலந்து கிளிங்கரை, அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் சிமென்டின் மூலப்பொருளை, பாதியாகக் குறைக்கும் சிமென்ட் இப்போது பல நாடுகளில் தயாராகிறது. அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. கான்கிரீட்டின் வலு அதன் ஆயுள்தான்: 30, 40 ஆண்டு நிற்கும்படி வடிவமைக்கிறார்கள். அது நிற்குமா என்பதை முதல் வாரம் தீர்மானித்துவிடும். ஈரச்சாக்கு போட்டோ பூச்சு அடித்தோ ஒழுங்காக ஈரம் காத்துப் பதப்படுத்தாமல், விரிசலைக் கட்டுப்படுத்தும் இணைப்பு வெட்டுகளை நேரத்தோடு அறுக்காமல் விட்டால், 600 டன் கரியமில வாயுவையும் வெளியிட்டு ஐந்தாண்டில் உடையும் பலகைகளைத்தான் பெறுவோம். அடிக்கடி குழாய் பதிக்கத் தோண்டப்போகும் தெருவில் கான்கிரீட் போடுவது வீண் என்பது என் கருத்து; தோண்டாத, கனரக வண்டி ஓடும், நீர் தேங்கும் இடத்தில் அதுவே சரியான தேர்வாக இருக்கலாம்.

போக்குவரத்து மிகுந்த சாலைகளில், கட்டும்போது எழும் உமிழ்வைவிட அதன் மேல் ஓடும் வண்டிகள் எரிக்கும் எரிபொருள் பன்மடங்கு. வண்டியின் உருளல் தடை, அதாவது சக்கரம் உருளுவதை எதிர்க்கும் விசை, பத்து சதவீதம் குறைந்தால் எரிபொருள் ஒன்றிரண்டு சதவீதம் மிச்சமாகும் என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட அளவு. சின்னதாகத் தோன்றும், ஆனால் நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் வண்டி ஓடும் சாலையில் அது மலைபோலச் சேரும். மேடுபள்ளம் எரிபொருளைத் தின்னும் என்பது உறுதி. கான்கிரீட் விறைப்பானது என்பதால் மட்டும் அதன் மேல் ஓடும் லாரி எவ்வளவு குறைவாகக் குடிக்கும் என்பதோ வழக்கிலிருக்கும் விஷயம். அந்த எண்ணைக் காட்டுகிறவர் எந்தப் பொருளை விற்கிறவர் என்று பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

நீரை உள்ளே விடும் துளைத்தளம் வாகன நிறுத்தங்களுக்கும் நடைபாதைக்கும் நல்லது. ஆனால் தூசி அடைக்கும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையாவது உறிஞ்சிச் சுத்தம் செய்ய ஆள் இல்லாவிட்டால் சில ஆண்டிலேயே சாதாரணத் தளமாகிவிடும். வெயிலைத் திருப்பியனுப்பும் வெளிர்நிறப் பூச்சை அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் 2020 முதல் சோதித்தது. நண்பகலில் தளத்தின் சூடு பாரன்ஹீட் கணக்கில் 10 டிகிரிக்கும் மேல் குறைந்தது. ஆனால் திருப்பியனுப்பிய வெயில் அங்கே நடக்கிறவர் மேல் பட்டதால், அவர் உணரும் கதிர்வெப்பம் நண்பகலில் கொஞ்சம் கூடியது. சாலையோரத்தில் ஒரு மரம் நின்றால் இந்தச் சங்கடம் இல்லை.

சாலை எங்கே போகிறது என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் மூத்தது. நான் கல்லையும் தாரையும் படித்தவன், காட்டைப் படித்தவன் அல்லன். எனவே இதை ஒரு வாசகனாகச் சொல்கிறேன். அமேசான் காடழிப்பில் பெரும்பங்கு சாலைகளிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே நடந்திருப்பதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் வேலியும், விலங்குகள் கடக்க மேம்பாலமும் சுரங்கவழியும் அமைத்த பிறகு விலங்குகள் மோதிச் சாவது ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. நெரிசலைப் போக்கச் சாலையை அகலப்படுத்தினால் வண்டிகளும் அதற்கேற்பப் பெருகுகின்றன என்பதும் பல நகரங்களில் அளந்து பார்த்த செய்தி. தேவையில்லாத ஆறுவழிச் சாலையை எவ்வளவு நல்ல கலவையால் போட்டாலும் அதைப் பசுமை என்று எழுத என் கை வராது.

கடைசியாக, நீங்கள் என்ன கேட்கலாம் என்பது. கட்டுமானப் பொருளின் சுற்றுச்சூழல் அறிக்கை என்று ஒரு தாள் கொடுப்பார்கள். ஒரு பொருளின் ஆயுள் முழுவதற்குமான சுற்றுச்சூழல் கணக்கை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 14040, 14044 பன்னாட்டு நெறிகளை ஒட்டி எழுதியதா, ஆலை வாசலோடு கணக்கு நிற்கிறதா, அல்லது போட்டு, பராமரித்து, பெயர்த்தெடுப்பதுவரை போகிறதா, எத்தனை ஆண்டு ஆயுள் என்று வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். வாசலோடு நிற்கும் இரண்டு தாள்களை வைத்துத் தாரையும் கான்கிரீட்டையும் ஒப்பிட முடியாது. நெதர்லாந்தில் ஒப்பந்தம் கோருகிறவர்களின் இந்தக் கணக்கைப் பணமாக மாற்றி, குறைந்த கேடு செய்கிறவருக்கு ஏலத்தில் சலுகை தருகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை ஒப்பந்தக்காரர்களின் மனத்தை மாற்றியது அறிவுரைகளைவிட அதுதான். தாளை வைத்துவிட்டுக் களத்துக்குப் போனால், வடிகால் எங்கே போய் முடிகிறது என்று நடந்து பாருங்கள்; பழைய தளத்தைச் சுரண்டினார்களா, சுரண்டியதை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேளுங்கள்; கோர் எடுத்த இடங்களின் இறுக்கச் சோதனை முடிவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால், கோர் எடுத்த துளையை எதனால் அடைத்தார்கள் என்று குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே மண்ணையோ தளர்ந்த ஜல்லியையோ போட்டு மூடியிருந்தால், அந்தச் சாலையின் முதல் குழி எங்கே விழும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.